காளிராஜுக்கு ஒரு டீ

காலை பத்து நாற்பது.

ஸ்டேஷனில் போன் அலறியது.

எஸ்.ஐ. ஜெயப்பிரியா எடுத்தாள்.

"சீக்கிரம் வா தாயி... இங்கன பொணம் கெடக்கு."

"எங்கன?"

"பிரப்பன்வலசை ரோட்டுல, அன்புக்கரை முதியோர் இல்லம். மேனேஜரு காளிராஜு."

"பேசுறது யாரு?"

"கொன்னவதான்."

ஜீப் பறந்தது. பின்னாலேயே 108!

இல்லத்தின் ஆபீஸ் ரூம்.

மேஜை மேல் காளிராஜின் தலை. தலைக்குப் பக்கத்தில் காலி டீ கிளாஸ். தலைக்கு மேலே ஒரு போர்டு: 'உங்கள் பெற்றோர்... எங்கள் தெய்வங்கள்.'

எதிரே முருகம்மாள். வயது எழுபத்திரண்டு. நாற்பது வருடம் கடலில் முங்கிப் பாசி எடுத்தவள். தப்பி ஓடும் உத்தேசம் துளியும் இல்லாமல் பனங்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

ஜெயப்பிரியா காளிராஜின் கழுத்தில் விரலை வைத்தாள்.

நாடி... இருந்தது!

பிணம் குறட்டை விட்டது.

"ஏன் ஆத்தா, ஆளு உசுரோட இருக்காரே."

"அப்படியா? எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது."

"பொய்த் தகவல்னு உள்ள தள்ளிருவேன்."

"தள்ளு. அதுக்கு முன்னாடி அந்த ரூமைப் பாரு."

அந்த ரூமில் சபியா. முருகம்மாளின் பக்கத்துக் கட்டில்காரி. மூன்று நாளாகக் கண் திறக்கவில்லை.

ஆம்புலன்ஸ் நர்ஸ் அவளைப் புரட்டினார். முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் புண்...

"இன்னிக்கே கொண்டு போனா பொழைப்பாங்க மேடம். நாளைக்குன்னா சொல்ல முடியாது."

ஸ்ட்ரெச்சர் ஓடியது.

"ரெண்டு தடவை 108-க்குப் போன் பண்ணேன் தாயி. ரெண்டு தடவையும் இந்தாளு வாசல்ல நின்னு, 'கெழவிக்குக் கிறுக்கு'ன்னு திருப்பி அனுப்பிட்டான். கெழவி சாகக் கெடக்கான்னா வண்டி வாசலோட போயிருது. மேனேஜரு செத்தான்னா, கட்டில் வரைக்கும் வருதுல்ல?"

ஜெயப்பிரியா ஆபீஸ் ரூமுக்குத் திரும்பி, காலி டீ கிளாஸை எடுத்துப் பார்த்தாள்.

"டீயில என்ன கலந்தீங்க?"

"மூணு வேளையும் எங்களுக்குக் குடுக்குற மாத்திரைதான். முழுங்கிட்டு வாயைத் தொறந்து காட்டணும். காட்டுவேன். கடலுக்குள்ளயே தொண்டையைச் சாத்தி வச்சவ நான்... ஒத்த மாத்திரைக்கா வழி விடுவேன்? சபியா சொன்ன பேச்சு கேக்குறவ. முழுங்கிட்டா."

"டீ?"

"அவருக்கு டீ போட்டுக் குடுக்குறதும் நாங்கதான். சம்பளம் கெடையாது."

முகத்தில் தண்ணீர் விழுந்ததும் காளிராஜ் பாதிக் கண்ணைத் திறந்தான்.

"மேடம்... இந்தக் கெழவி எனக்குத் தூக்க மாத்திரை குடுத்துட்டா... கேஸ் போடுங்க..."

ஜெயப்பிரியா மருந்து ரிஜிஸ்டரைப் புரட்டினாள். எல்லாப் பக்கத்திலும் ஒரே வார்த்தை.

வைட்டமின்.

கீழே காளிராஜின் கையெழுத்து!

"சத்து மாத்திரைன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க. எப்ப சார் அது தூக்க மாத்திரை ஆச்சு?"

மறுபடியும் மயங்கிவிடலாமா என்று காளிராஜ் யோசித்தான். அதற்குள் கான்ஸ்டபிள் அவனை ஜீப்பில் ஏற்றிவிட்டார்.

ஜெயப்பிரியா வாசலில் நின்று திரும்பினாள்.

"இருந்தாலும் ஆத்தா, நீங்க பண்ணதும் தப்பு."

"தப்புத்தான் தாயி," என்றாள் முருகம்மாள். "சாப்பாட்டுக்கு அப்புறம் குடுக்கணும். அவசரத்துல வெறும் வயித்துல குடுத்துட்டேன்."