சின்னவனுக்கு இன்னும் தெரியாது

கதவைத் திறந்த நர்ஸம்மா, அவன் உள்ளே வந்த பிறகும் அதை மூடவில்லை. பின்னால் இன்னும் யாரோ வரவேண்டியிருப்பது போல ஒரு கையால் கதவைப் பிடித்தபடி நின்றார். மாடிப்படியில் யாருமில்லை. மேலே இருந்த ஜன்னல் வழியாக மதிய வெயில் மட்டும் ஒவ்வொரு படியாக இறங்கி வந்து கடைசிப் படியில் தங்கியிருந்தது. அவர் பார்வை வாசலிலிருந்து கூடத்துத் தரைக்கு மெல்ல நகர்ந்தது. அதன் பிறகுதான் தாழ்ப்பாள் போட்டார்.

"உக்காருங்க தம்பி."

நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். துக்கம் கேட்க வந்திருந்தான். தானாக வரவில்லை. மேல் வீட்டுக்குக் குடிவந்து ஒன்றரை வருஷம் ஆகிறது, கீழ் வீட்டு நாய் செத்து மூன்று நாள் ஆகிறது, ஒரு எட்டு எட்டிப் பார்க்காவிட்டால் நன்றாகவா இருக்கும் என்று மனைவி காலையிலிருந்து அரித்துக்கொண்டிருந்தாள். அவள் முதல் நாளே வந்து, வாசலில் நின்றபடி பேச்சு வராமல் அழுதுவிட்டுத் திரும்பியவள். "அந்தம்மாவுக்குன்னு இருந்தது அது ஒண்ணுதாங்க. ரெண்டு வார்த்தை சொன்னா உங்க வாய் தேஞ்சா போயிடும்?"

அந்த இரண்டு வார்த்தையைப் படியிறங்கும்போதே தயார் செய்திருந்தான். கஷ்டமாத்தான் இருக்கும். மனசைத் தேத்திக்குங்க. நல்ல நாய். கடைசியாகச் சொல்வதில் குரல் இடறக்கூடாது என்று முணுமுணுத்தும் பார்த்திருந்தான். ஏனென்றால் கறித்துண்டுகளில் எலி மருந்தைப் பிசைந்து, படித் திருப்பத்தில் வைத்து, நாய் தின்று முடிக்கும்வரை நின்று பார்த்தவன் அவன்தான்.

அவன் பல்செட் செய்பவன். டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துக்கொண்டு, மெழுகில் பல் பதிப்பதும் தேய்ப்பதும் மெருகேற்றுவதும் எல்லாமே வீட்டின் முன்னறையில்தான். மயிரிழை பிசகினாலும் கடி சேராது. கீழ் வீட்டு நாயோ தெருவில் சைக்கிள் போனாலும் குரைக்கும், கொடியில் துணி ஆடினாலும் குரைக்கும். ஒவ்வொரு குரைப்புக்கும் கை துள்ளும். ஒரு வாரத்து வேலை ஒரு நொடியில் பாழாகும். ஒருமுறை வந்து சொன்னான். நர்ஸம்மா சிரித்தபடி, "சின்னவன் அப்படித்தான் தம்பி, வாயாடி" என்றார். அதோடு சொல்வதை நிறுத்திக்கொண்டான்.

கூடம் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. கிருமிநாசினியின் நெடி மூக்கில் ஏறியது. அதற்கு அடியில், எவ்வளவு கழுவியும் போகாமல், நனைந்த ரோமத்தின் வாடை. சமையலறையில் ஃப்ரிட்ஜ் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது.

அவன் தொண்டையைச் செருமினான். "கேள்விப்பட்டதும் ரொம்பக் கஷ்டமாப் போச்சும்மா. சின்னவன் இப்படித் திடீர்னு..."

நர்ஸம்மா உதட்டின் மேல் விரலை வைத்தார்.

"மெதுவாப் பேசுங்க," என்று கிசுகிசுத்தார். "செத்துட்டான்னு அவனுக்கு இன்னும் தெரியாது."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, பரிதாபப்படுபவனைப் போல் முகத்தை வைத்துக்கொண்டான். தனியாக இருக்கும் பெண்பிள்ளை, வயசு வேறு ஆகிவிட்டது, கலங்கித்தான் போயிருக்கும். போய் மனைவியிடம் சொல்ல வேண்டும்.

"நாப்பது வருஷம் வார்டுல இருந்தவ நான்," என்றார் நர்ஸம்மா, அவன் மனதைப் படித்தவர் போல. "சில பேருக்கு உடனே தெரியாது தம்பி. எழுந்து நடப்பாங்க, பசிக்குதும்பாங்க. நாமளா வாயைத் திறந்து சொல்லக்கூடாது. சொன்னா மறுபடியும் முதல்லேருந்து பட வேண்டியிருக்கும், பாவம்."

டொக், டொக் என்று அவன் நாற்காலிக்குப் பின்னால் சத்தம். நகம் தரையில் படுகிற மாதிரி. ஃப்ரிட்ஜாக இருக்கும். குழாய் சொட்டுகிறதோ என்னவோ. சத்தம் நாற்காலியைச் சுற்றி வந்து அவன் காலருகே நின்றது. பிறகு, வெதுவெதுப்பே இல்லாத ஏதோ ஒரு கனம், நம்பிக்கையோடு அவன் பாதத்தின் மேல் சாய்ந்து படுத்தது.

அவன் குனிந்து பார்த்தான். செருப்பில்லாத அவனுடைய இரண்டு கால்கள். துடைத்த தரை. வேறொன்றும் இல்லை.

"உங்களைக் கண்டா அவனுக்கு உசிரு," என்றார் நர்ஸம்மா, அதே இடத்தைப் பார்த்தபடி. "மூணு நாளா உங்க வாசல்லதான் படுத்துக் கிடந்தான். நான் கூப்பிட்டாலும் வரல. இப்பத்தான் உங்க பின்னாலயே இறங்கி வந்திருக்கான்."

காலை இழுத்துக்கொள்ள நினைத்தான். கால் வரவில்லை.

"அன்னிக்கு நீங்க அவனுக்குக் கறி வச்சதைப் பாத்தேன் தம்பி."

ஃப்ரிட்ஜ் நின்றது. அவன் அந்த முகத்தையே பார்த்தான். கோபமோ குற்றச்சாட்டோ எதுவும் அதில் தெரியவில்லை.

"எத்தனையோ பேர் மேல குடியிருந்துட்டுப் போயிட்டாங்க. ஒருத்தரும் அவனுக்கு ஒரு வாய் குடுத்ததில்ல." புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ராத்திரி ரொம்பப் பட்டுட்டான். கட்டிலுக்கு அடியில போய்ப் புகுந்துக்கிட்டான். எனக்கு முட்டி மடங்காது. கையை விட்டுத் துழாவினேன், எட்டல. விடியற வரைக்கும் ஒத்தையில கிடந்து தவிச்சான். சாவுகூடப் பரவாயில்ல தம்பி, அந்த ஒத்தைதான் எனக்கு ஆறல. என் வார்டுல நான் யாரையும் துணையில்லாமப் போக விட்டதில்ல."

"மனசைத் தேத்திக்குங்க" என்றான்.

"இருங்க, டீ போட்டு எடுத்தாறேன்."

அவர் சுவரைப் பிடித்துப் பிடித்துச் சமையலறைக்குள் போனார். அந்த நொடியே அவன் எழுந்தான். கதவு நாலு எட்டில் இருந்தது. முதல் எட்டிலேயே காலுக்குக் குறுக்கே ஏதோ உரசிக்கொண்டு ஓடியது. இடறி, சுவரைப் பிடித்து நின்றான். தொங்கிய வலது கையின் உள்ளங்கையில் குளிர்ந்த மூக்கு ஒன்று வந்து முட்டியது. விரலிடுக்குகளை ஒவ்வொன்றாக ஒரு நாக்கு நக்கியது. எதையோ தேடுகிற மாதிரி. அன்றைக்குக் கறி பிசைந்த கை.

கையை உதறி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான். விரல்களில் வெள்ளையாக நுரை.

பக்கத்துச் சுவரில் வால் தட்டியது. தப், தப், தப். அதற்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷம்தான் அவனால் தாங்க முடியாததாக இருந்தது. குரைப்புகள் கேட்டுக் கேட்டுச் சேர்த்து வைத்திருந்த ஆத்திரம் முழுவதும் தொண்டைக்கு ஏறியது. பயத்தைவிட அது பெரிதாக இருந்தது. குனிந்து, அதன் காது இருக்கக்கூடிய இடத்துக்கு நேராக, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

"நீ செத்துட்டே. செத்து மூணு நாளாச்சு. நான்தான் கொன்னேன். போ."

வால் நின்றது.

சமையலறையில் தண்ணீர் கொதிக்கும் சத்தம். வேறு எதுவுமில்லை. போய்விட்டது என்று நினைத்தான். மூச்சு விட்டான்.

பிறகு காலடியில் ஒரு இருமல். சின்னதாக. இன்னொன்று. அடிவயிற்றிலிருந்து புரட்டிக்கொண்டு வரும் ஓங்கரிப்பு. நகங்கள் தரையில் பிடி கிடைக்காமல் வழுக்கின. இந்தச் சத்தங்களை அவனுக்குத் தெரியும். அன்று இரவு மாடியில் படுத்தபடி, தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு, இதோ முடிந்துவிடும் இதோ முடிந்துவிடும் என்று கேட்டுக்கிடந்தவைதான்.

கதவை நோக்கிப் பாய்ந்தான். தாழ்ப்பாளில் இடது கை பட்டது.

வலது மணிக்கட்டை ஏதோ கவ்வியது.

பல் அவனுடைய தொழில். மேலே இரண்டு கோரை. கீழே இரண்டு. நடுவில் நெருக்கமாக முன்பற்கள். பார்க்காமலே எண்ணிவிட்டான். கடி கச்சிதமாகச் சேர்ந்திருந்தது. கடிக்கவில்லை. பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

இழுத்தது.

முழங்கால் தரையில் மோதியது. கூடம். படுக்கையறை வாசல். நாற்காலிக் காலைப் பிடித்தான், நாற்காலியும் கூடவே வந்தது. கட்டில். தாழ்வான மரக்கட்டில். அதற்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடம்கூட இல்லை. விரிப்பு தரைவரை தொங்கியது. அதற்குள்ளே அவன் கை போனது. முழங்கை. தோள்.

"அம்மா," என்றான். "அம்மா."

நர்ஸம்மா வந்தார். டீக் கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்தார். தரையோடு தரையாக ஒட்டியிருந்த அவன் கண்ணுக்கு, வெடிப்புவிட்ட அவருடைய பாதங்கள் மட்டுமே தெரிந்தன.

"சொல்லிட்டீங்களா தம்பி?"

கட்டிலுக்கு அடியில், மிகப் பக்கத்தில், மூச்சு வாங்கியது. நுரையோடு.

"சரி, போகட்டும்," என்றார். கோபமே இல்லை. "இந்தத் தடவை துணைக்கு நீங்க இருக்கீங்களே."

கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, முட்டியை மடக்காமல் குனிந்து, விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்தார். மரச்சட்டம் அவன் காதுக்கு மேலே அழுந்தியது. இன்னும் அழுந்தியது. கன்னத்துக்குள் ஏதோ ஒடிந்தது.

"தலையை ஒருக்களிச்சு வச்சுக்கங்க," வார்டுக் குரலில், இதமாகச் சொன்னார். "மூச்சை முழுசா வெளிய விட்டுடுங்க. அப்பத்தான் நெஞ்சு உள்ள போகும்."

ஒரு பாதம் நகர்ந்து, அவன் கால் இடிபடாமல் இருக்க, கட்டிலோரம் கிடந்த செருப்பு ஜோடியைத் தள்ளி வைத்தது.