காயாத பலகை

பலகை காயவில்லை. ஹேர் டிரையர் வைத்துப் பார்த்தாள், பழைய சேலையால் ஒற்றிப் பார்த்தாள், கையை எடுத்ததும் அதே இடத்தில் ஈரம் ஊறி, கடலடிச் சேற்றின் வாசம் மூக்கில் ஏறியது. பிரீனாவுக்கு எரிச்சல்கூட வரவில்லை. மார்பிள், ஓடு, துடுப்பு என்று ஊரார் கொண்டுவந்ததில் எல்லாம் போட்டோ பதியும் எமல்ஷன் பூசி, செத்தவர்களின் முகங்களை வரவழைத்துக் கொடுத்து அவளுக்கு அலுத்துவிட்டது.

இது தேவகுமாரின் வள்ளத்துப் பலகை. உடைந்த வள்ளம் கரைக்கு வந்தது, ஆள் வரவில்லை. அடக்கம் செய்ய உடல் இல்லாததால், இதில் முகமாவது வேண்டுமென்று அவர் மனைவி செல்லத்தாய் முற்றத்தில் காத்திருக்கிறாள். ஆளை விழுங்கிய வள்ளத்தின் மரத்தைக் கடியப்பட்டணத்தில் யாரும் கடலுக்குத் திரும்பக் கொண்டுபோக மாட்டார்கள். பிரீனாவின் கணவன் பெனிஷ் மட்டும் இதே பலகையில் பாதியை அறுத்துத் தன் வள்ளத்தில் இருக்கையாக அடித்துக்கொண்டான். வேண்டாமென்று கெஞ்சியதற்குச் சிரித்தான்.

"பலகைக்கு என்னட்டி தெரியும்?"

விடியலில் கடலுக்குப் போனவன் மதியமாகியும் திரும்பவில்லை.

குளியலறைதான் இருட்டறை. சிவப்பு பல்பின் வெளிச்சத்தில் எமல்ஷன் பூசி, படம் பெரிதாக்கும் கருவியில் தேவகுமாரின் பிலிமை மாட்டி, பலகைமேல் வெளிச்சம் விழவிட்டாள். பிறகு உருவத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பரில் பஞ்சைத் தோய்த்துத் தடவினாள்.

கதவுக்கு வெளியே செல்லத்தாயின் குரல் கேட்டது. "முகம் வந்துட்டா மக்கா?"

"இப்ப வரும்க்கா."

முதலில் சட்டை வந்தது. கட்டம் போட்ட சட்டை.

பிலிமில் தேவகுமார் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

அடுத்து தாடி. நனைந்த முடி. புருவத்தில் வெட்டுத் தழும்பு.

பெனிஷ். காலையில் அவள் எடுத்துக் கொடுத்த சட்டை.

ஃபிக்சர் தடவினால் படம் நிலைத்துவிடும். தடவாமல் வெயிலில் போட்டால் கறுத்து அழிந்துவிடும். அழியட்டும். மாதாவே, அழியட்டும்.

கதவைத் திறந்து பலகையை முற்றத்துக்கு இழுத்து வந்தாள். வெயிலில் ஓரம் கறுத்தது. சட்டை கறுத்தது. கழுத்து கறுத்தது.

முகம் கறுக்கவில்லை.

செல்லத்தாய் குனிந்து பார்த்தாள். "ஏட்டி, இது எங்க ஆளு இல்லியே. இது ஒனக்க..."

அவள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

பலகையில் பெனிஷின் வாய் மெல்லத் திறந்தது. அதிலிருந்து வழிந்த உப்புத் தண்ணீர் பிரீனாவின் கால்விரல்களை நனைத்தது.