பெயர் அழித்த மண்டை ஓடு

போன் அடித்தது.

எடுத்தாள் இன்ஸ்பெக்டர் மதிவதனி. மறுமுனையில் ஒரு எலும்பு டாக்டர். காலையிலிருந்து இவர் மூன்றாவது... மூன்றாவது நழுவல். பார்க்கலாம், யோசிக்கலாம், எழுத்தில் மட்டும் கேட்காதீர்கள் என்று இழுத்துவிட்டு, முந்தைய இருவரும் சொன்னதையே இவரும் சொன்னார்.

"மண்டை ஓடுன்னா பூந்தமல்லி காலேஜ் ப்ரொஃபசர் விஷ்ணுதான் மேடம். அவர் சொன்னா கோர்ட்டே கையெடுத்துக் கும்பிடும்."

மதிவதனி போனை வைத்தாள்.

எதிரே தேவிப்பிரியா. கள்ளிக்குப்பம். ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. அழுது ஓய்ந்த கண்கள்.

அவளுடைய அக்கா ராஜகுமாரி, மேனாம்பேட்டில் சொந்த வீட்டு மாடிப்படியில் உருண்டு செத்துப்போனாள். அக்கா புருஷன் அப்படித்தான் சொன்னான். ஆஸ்பத்திரியும் நம்பியது. மறுநாளே எரித்தாயிற்று! மிச்சம் இருப்பது, அடிபட்ட பிறகு, சாவதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் தலைக்கு எடுத்த ஒரு ஸ்கேன்.

"வுயுந்துட்டான்னு சொல்றாரு மேடம். அந்தப் படியில கண்ண மூடிகினு ஏறி எறங்குவா எங்கக்கா. அவருதான் இன்னாவோ பண்ணிகீறாரு."

"நான் நம்பறேன். அது பத்தாதும்மா. விழுந்த காயம் இல்லேன்னு ஒரு டாக்டர் வாயைத் திறக்கணும். இல்லேன்னா இந்த வாரத்தோட கேஸை மூடச் சொல்லிட்டாங்க."

"அப்ப இன்னா பண்றது?"

மதிவதனி தொப்பியை எடுத்தாள்.

"பெரிய டாக்டரையே கேட்டுடுவோம்."

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறை. இதயம், ஈரல், மண்டை ஓடு என்று 3டி மெஷின் பிளாஸ்டிக்கில் பொறுமையாக அச்சடித்துத் தள்ளும். வாராவாரம் பூந்தமல்லி காலேஜுக்கு சப்ளை. படிப்புக்குச் செத்த உடம்பு கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்தாலும் ஒன்றைச் சுற்றி ஒரு கூட்டம் எட்டிப் பார்க்கும். இங்கே ஸ்கேனைக் கொடுத்தால் போதும்... அதே அளவு, அதே விரிசல். பேரை மட்டும் அழித்துவிடுவார்கள். யார் தலை என்று வாத்தியாருக்கும் தெரியக்கூடாது.

அந்த வாரம் ஒரு மண்டை ஓடு கூடுதலாகப் போனது.

ப்ரொஃபசர் விஷ்ணு வகுப்பில் 'தெரியாது' என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. கர்வம் பிடித்த மனுஷர். காலேஜ் கேமரா வழக்கம்போல் அவரைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. கடைசி பெஞ்சில் வெள்ளைக் கோட்டும் மாஸ்க்குமாய் மதிவதனி.

சந்தோஷ் என்ற மாணவன் புது மண்டை ஓடு ஒன்றை நீட்டினான். பின்னால் குழி.

"சார், இது கீழ விழுந்த கேஸா?"

விஷ்ணு வாங்கினார். திருப்பினார். சிரித்தார்.

"விழுந்தா எலும்பு கோடு கோடா விரியும்ப்பா. இது வட்டமா உள்ள அமுங்கியிருக்கு பாரு. சுத்தியல். பின்னாடி நின்னு ஒரே போடு. இது கொலை."

வகுப்பு வேகவேகமாகக் குறிப்பெடுத்தது. அந்த மரியாதை அவருக்கு இனித்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம்... வாயுள்ள வாத்தியார் எங்கே நிறுத்துவார்?

"பொம்பளை. முப்பது தாண்டியிருக்கும். மேல்வரிசையில ஒரு பல்லு பாதி உடைஞ்சு..."

குரல் நின்றது.

அந்த உடைந்த பல்லை அவர் தினமும் சாப்பாட்டு மேஜையில் பார்த்திருக்கிறார்.

கதவு திறந்தது. தேவிப்பிரியா வந்து நின்றாள். அவளுக்கு உடம்பெல்லாம் ஆத்திரம். ஆனால் குரல் உயரவில்லை.

"இன்னா மாமா... எங்கக்காவ இப்பத்தான் அடையாளம் தெரியுதா?"

ஆமாம். ராஜகுமாரியின் புருஷன் இதே விஷ்ணுதான். கூட வாழ்ந்தவளின் முகம் அவனுக்குத் தெரியும். மண்டை ஓடு தெரியாது.

மதிவதனி மாஸ்க்கைக் கழற்றிவிட்டு முன்னால் வந்தாள்.

"மூணு டாக்டரும் உங்களைத்தான் கேக்கச் சொன்னாங்க சார். ரொம்பத் தெளிவா சொன்னீங்க. தேங்க்ஸ்."

விஷ்ணு நாற்காலியைத் தேடினான். கைவிலங்கு முந்திக்கொண்டது.

சந்தோஷ் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினான்.

"மேடம்... இது எக்ஸாம்ல வருமா?"

"அது எனக்குத் தெரியாதுப்பா. கோர்ட்ல வரும்."