ஜமீனுக்கு அடுத்த ஆள்

வேர்க்கடலையை ஒன்றுகூடத் தொடவில்லை.

கூண்டுக்குள் முக்காலியில் உட்கார்ந்தபடி இசக்கிமுத்து இரண்டு தரம் எண்ணினான். பதினேழு குரங்கும் இருந்தன. மற்ற நாளானால் தட்டோடு வைத்த கையையும் சேர்த்துத் தின்றுவிட்டு, நோட்டுப் புத்தகத்தை ஊறுகாயாகத் தொட்டுக்கொள்ளும் கூட்டம் அது. இன்றைக்கு முழங்காலில் கை வைத்து, மாப்பிள்ளை இலையில் கை வைக்கட்டும் என்று காத்திருக்கிற பந்தி மாதிரி, அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. பகல் பதினொன்றரை. அடையாற்றின் நாற்றம் மூன்று மாடி ஏறி வந்து, மொட்டைமாடிக் கொட்டகைக்குள் குரங்கு மூத்திரத்தோடு கைகோத்து உலாவியது. மேலே வெயிலில் தகரம் நெளிந்து, யாரோ எலும்பில் சொடக்கு எடுப்பதுபோல் டொக், டொக் என்றது.

தாழ்ப்பாள் வெளியே. அதைப் போட்டுவிட்டு அட்டெண்டர் அம்மாசி டீ வாங்க இறங்கிப் போயிருந்தான்.

குரங்குக் கூட்டத்தில் யார் யாருக்கு அடங்கும் என்பதுதான் இசக்கிமுத்துவின் ஆராய்ச்சி. தலைவனுக்கு ஜமீன் என்று பெயர் வைத்திருந்தார்கள். அதன் மூளையில் சுண்டைக்காய் அளவு வெட்டியெடுத்தால் கோபம் போகுமா என்று பார்க்க ஆசைப்பட்டவர் பேராசிரியர் கருணாகரன். கோபம் போயிற்று. கட்டுப் போட்ட தலையோடு ஜமீன் திங்கட்கிழமை கூண்டுக்குத் திரும்பி, வெற்றிலை மெல்லும் நேரம்கூட ஆகவில்லை. மற்றவை அதன் காதை ஒன்று, விரல்களை ஒன்று, குடலை நாலைந்து என்று பங்கு பிரித்துவிட்டன. ஆறு வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். அம்மாசி சொல்லும்போது அறுபது வாளி. அன்றைக்கு உள்ளே இருந்த இசக்கிமுத்து, பயத்தில் கண்மண் தெரியாமல் கம்பால் விளாசித்தான் அவற்றை விலக்கினான்.

அதை வீரம் என்று எடுத்துக்கொண்டுவிட்டனவா?

கிழப் பெண் குரங்கு ஒன்று நகர்ந்து வந்து தோளில் ஏறியது. அவன் தலையில் பேன் பார்க்க ஆரம்பித்தது. ஜமீனுக்குப் பார்த்த அதே விரல்கள். நகக்கண்ணில் இன்னும் ஜமீன்.

அசையாமல் டீ வரும்வரை உட்கார்ந்திருந்தால் பிழைத்தான்.

படியில் செருப்புச் சத்தம். அம்மாசி இல்லை, பேராசிரியர். தாழ்ப்பாளை நீக்கி உள்ளே வந்தார். தகரம் அடித்த ஸ்பிரிங் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் தானாக விழுந்தது.

"என்னய்யா இசக்கி! சம்பளமில்லாம அம்பட்டன் வேலைக்கு ஆள் பிடிச்சுட்டே!"

பேராசிரியர் குனிந்து அவன் முகத்தைப் பார்த்தார்.

"மூஞ்சியப் பாரு, பேதி கண்டவன் மாதிரி. சரி, சொல்லு. அடுத்து யார் மண்டையைத் திறக்கலாம்?"

இசக்கிமுத்துவுக்குக் குரல் எழவில்லை. கண்ணாலாவது எச்சரிக்கலாமே! குரங்குகளைப் பார்த்தான். பேராசிரியரைப் பார்த்தான். மறுபடி குரங்குகள். மறுபடி அவர்.

பார்த்த பிறகுதான் உறைத்தது.

தலைவன் ஒரு ஆளை அடிக்கக் கூட்டம் சேர்க்கும்போது கத்தாது. கூட்டத்தைப் பார்க்கும், ஆளைப் பார்க்கும், திரும்பக் கூட்டம், திரும்ப ஆள். அவ்வளவுதான் உத்தரவு. அதைக் கண்டுபிடித்து நாற்பது பக்கம் எழுதியவன் இசக்கிமுத்துவேதான்.

தோளில் கனம் குறைந்தது.

பேராசிரியர் முதலில் சிரித்தார். "ஏய், ச்சீ, போ..." அப்புறம் அது சிரிப்பில்லை. மூக்குக் கண்ணாடி நொறுங்கியது. கண்ணாடி மட்டும் இல்லை. ஈரத்துணி கிழிகிற சத்தம். கன்னம். உதடு. தொண்டையிலிருந்து பீய்ச்சியது கூரைத் தகரம்வரை எட்டியது. கால்கள் சிமெண்டுத் தரையை உதைத்தன. உதைத்தன. நின்றன.

டொக். டொக்.

இசக்கிமுத்து கத்த வாயெடுத்தான். பதினேழு சிவந்த முகங்கள் திரும்பின. வாயை மூடிக்கொண்டான்.

"சார், டீ கீது!" படியிலிருந்து அம்மாசியின் குரல். "இன்னா சார், சத்தத்தையே காணோம்? பெரிய சார் வண்டி கீழ நிக்குது, ஆளு எங்க?"

பார்க்கக் கூடாது. அம்மாசியையும் கூடாது, இவற்றையும் கூடாது. இசக்கிமுத்து கண்களை இறுக மூடினான்.

தாழ்ப்பாள் நகர்ந்தது.

தோளில் மறுபடி கனம் ஏறியது. வெதுவெதுப்பான, பிசுபிசுத்த சின்ன விரல் ஒன்று அவன் வலது இமையைத் தேடிப் பிடித்து, மெதுவாக, ரொம்பப் பக்குவமாக, மேலே தூக்கியது.