கவிழ்த்த சட்டி

பெரிய வீட்டின் சுவர் காலையிலிருந்து பேசிக்கொண்டிருந்தது. அடிமைக் காலத்துப் பண்ணை முதலாளியின் சிரிப்பு, பியானோ, விருந்துத் தட்டுகளின் ஓசை. சுண்ணாம்புப் பூச்சில் பட்ட ஒலியெல்லாம் நுண்ணிய தழும்பாகத் தங்கிவிடும். சுவர்ச்செவி என்ற இயந்திரம் அதைத் தடவிப் படித்துத் திரும்பச் சொல்லும். அது வந்தபின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரே விதிதான்: செவி கேட்டது வரலாறு, கேட்காதது நடக்கவேயில்லை.

"வீட்டுக்குப் பின்னாடி அடிமைகளைப் புதைச்சதா ஒரு வார்த்தைகூட இல்லையே, மேடம்," என்றார் வரலாற்று ஆணையர் விட்கோம். "ரோடு போட்டுட வேண்டியதுதான்."

ஒடெஸா அவர் பக்கம் திரும்பினாள். அவளுடைய முன்னோர்கள் அந்த மண்ணில்தான் கிடந்தார்கள்.

"சவுக்கு வெச்சிருந்தவன் வீட்டுச் சுவர்கிட்ட எங்க கதையைக் கேட்டா எப்படி சார் சொல்லும்?"

"சுவருக்குக் கட்சி கிடையாது மேடம்."

வாசலில் ஓர் இரும்புச் சட்டி இருந்தது. அடிமைக் குடிசைகள் இருந்த இடத்தைத் தோண்டியபோது கிடைத்தது. இப்போது அதில் குடைகளைச் செருகியிருந்தார்கள்.

"இது எப்படிக் கிடந்துச்சு?"

"கவிழ்ந்து. கழுவிக் காயவெச்சிருப்பாங்க."

"கழுவியா? ஒளிஞ்சு ஜெபம் பண்றப்போ வாசல்ல சட்டியைக் கவிழ்ப்பாங்க சார். சத்தத்தை அது குடிச்சிடும்னு நம்பிக்கை. பெரிய வீட்டுக்குக் கேட்டா முதுகுத் தோல் உரிஞ்சிடும்!"

குடைகளைத் தரையில் கொட்டிவிட்டு, சட்டியைச் சுவர்ச்செவியின் முன் வைத்தாள். உள்ளே படிந்திருந்த கரி மெல்லப் பேசத் தொடங்கியது.

"ஹெஸ்டரை ஓக் மரத்தடியில புதைச்சாச்சு... பிள்ளையை அவ பக்கத்துலயே... ஆண்டவரே, மோசேயையும் ஏத்துக்கோ, அடிச்சே கொன்னுட்டாங்க..."

பெயர்மேல் பெயர். விட்கோம் எட்டி இயந்திரத்தை அணைத்தார். "ஆணையம் கூடி முடிவு சொல்லும்."

ஆணையம் கூடியது. தாங்கள் பேசுவதும் ஒருநாள் கேட்கும் என்ற பயம் அவர்களுக்கும் வந்திருந்தது. கூட்ட அறைக் கதவருகே பளபளக்கும் புதுச் சட்டிகளை வரிசையாகக் கவிழ்த்துவைத்து, சுவரில் படாதபடி கிசுகிசுத்தே பேசி முடித்தார்கள்.

மறுநாள் மண்வாரி இயந்திரம் உறுமிக்கொண்டு வந்தது. பின்னாலேயே விட்கோம். ஒடெஸா ஓக் மரத்தடியில் கால் ஊன்றி நின்றாள்.

"வழி விடுங்க மேடம். நேத்து கூட்டத்துல முடிவாயிடுச்சு."

"எந்தக் கூட்டம்?" என்றாள் ஒடெஸா. "உங்க அறைச் சுவரைக் கேட்டுட்டுத்தான் வர்றேன். அப்படி ஒண்ணு நடக்கவேயில்லையே, சார்."