பின்லேயின் பெயரில் ஒரு நிலம்

“எடுத்துட்டுப் போடி! உன் கையால ஒரு வாய் கஞ்சிகூட எனக்கு இறங்காது...”

மாமியார் ஷோனாக் தள்ளிய கிண்ணத்திலிருந்து ஓட்ஸ் கஞ்சி மேசையெல்லாம் வழிந்தது. டோலினா துணியெடுத்துத் துடைத்தாள். வெளியே லூயிஸ் தீவின் காற்று வேலிக் கம்பியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. கொட்டகையில் இரண்டு ஆடுகள் இன்றோ நாளையோ குட்டி போடும். போய்ப் பார்க்கக்கூட விடாமல் விடிந்ததிலிருந்து இதே பேச்சு.

நேற்றுதான் கப்பலில் வந்திறங்கியிருந்தான் மூத்த மகன் பின்லே. குடும்பச் சிறுபண்ணையின் குத்தகை அவன் பெயரில் இருந்தது. அவனோ கிளாஸ்கோ நகரத்துக்குப் போய் இருபது வருஷம். ‘குத்தகைக்காரர் ஊரில் குடியிருக்க வேண்டும், இல்லையேல் உரிமை பறிபோகும்’ என்று பண்ணை அலுவலகம் அவனுக்கு எழுதியிருந்தது.

“என் தம்பி, உன் புருஷன், கடல்ல செத்துப்போனப்ப, ‘இந்த வீட்லயே இரும்மா’ன்னு சொன்னவன் நான். என்மேலயே புகார் எழுதிட்டே, இல்ல?”

“நான் எழுதல அத்தான்...”

“பின்ன யாரு? என்னைத் தூக்கிட்டா நிலம் உனக்கு! வீடு கட்ட அரசாங்கம் குடுக்கிற உதவியும் உனக்கு!”

“என் புள்ள வருவான் வருவான்னு வாசலைப் பார்த்துக் கிடக்கேன்... அந்த வாசலையே அடைச்சுட்டியேடி பாவி!” என்று அழுதாள் கிழவி.

டோலினாவை ‘இங்க வந்துடும்மா’ என்று இன்வர்னெஸ்ஸிலிருந்து மகள் வாராவாரம் கூப்பிடுகிறாள். இந்தக் கிழவியை யாரிடம் விட்டுப் போவது? போனால் ஓடிப்போனவள், இருந்தால் பறித்துக்கொண்டவள்.

மதியம் பண்ணை அலுவலர் இஷ்பெல் விசாரணைக்கு வந்தாள். கூடவே ஊர்ப் பொது மேய்ச்சல் நிலத்தைக் கவனிக்கும் குழுவின் செயலாளர் ரோரி.

வந்ததும் வராததுமாக ரோரி சொன்னார்: “பின்லே, எழுதினது நான்தான். யார் ஊர்ல இல்லையோ அவங்க பேரை எழுதறது என் பொறுப்பு. பள்ளிக்கூடத்துல ஆறே பிள்ளைங்க. பதினோரு வீடு பூட்டிக் கிடக்கு. பூட்டின வீட்டுக்கு எந்த அரசாங்கம்ப்பா உதவி குடுக்கும்?”



இஷ்பெல் கோப்பைப் பிரித்தாள். “உங்களுக்கு அவகாசம் கேட்டு நாலு தடவை எழுதினது டோலினாதான் சார். ‘நீங்களே உரிமை கேளுங்க’ன்னு நாங்க சொன்னோம். ‘அது மூத்தவரோடது, அவர் வரட்டும்’னுட்டாங்க.”

பின்லே அவள் பக்கம் திரும்பினான். “ஏன் டோலினா... எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?”

“கேட்டா வரமாட்டேன்னு சொல்லிடுவீங்க அத்தான். அதை அத்தை காதுல போட எனக்குத்தான் மனசு வரல.”

ஷோனாக் தலையில் அடித்துக்கொண்டாள். பின்லே கண்ணைத் துடைத்தான்.

“எங்க கையெழுத்துப் போடணும், சொல்லுங்க மேடம். எல்லாம் அவ பேருக்கே போகட்டும்!”

“புது வீட்டுக்கும் உதவி கேட்கலாம். ஆனா பத்து வருஷத்துக்குக் குறையாம இங்கயே குடியிருக்கணும்மா,” என்றாள் இஷ்பெல்.

எல்லார் முகமும் மலர்ந்தது. பேனா டோலினாவிடம் வந்தது. அவள் அதை மேசைமேல் வைத்தாள்.

“பத்து வருஷம்...” அவளுக்கு அழுகை வந்தது. “பறிச்சுட்டேன்னீங்க. இப்ப தூக்கிக் குடுக்கறீங்க. எனக்கு இது வேணுமான்னு ஒருத்தராவது கேட்டீங்களா?”

ஷோனாக் மேசையைப் பிடித்து எழுந்து மருமகளின் முன்னால் வந்து நின்றாள். இத்தனை வருஷத்தில் அவள் டோலினாவின் மனசைக் கேட்டது அதுவே முதல் தடவை.

“வேணுமாடி... கண்ணு?”

டோலினா நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்தாள்.

“வேணும் அத்தை. வேண்டாம்னு சொல்ல வந்தா வாய் வரமாட்டேங்குதே... அதுக்குத்தான் அழறேன்!”

கிழவி அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.