பீப் சத்தத்துக்குப் பிறகு

நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றபோது, அவள் கையில் ஒரு தட்டு நிறையப் பற்கள் இருந்தன. பல் செட் செய்யும் லேபில் அவளுக்கு வேலை.

இருபது நிமிடம் கழித்துத் தலைக்கு மேலே கதவு ஒரு முழம் திறந்தது. அந்த இடைவெளியில் இரண்டு கண்கள்... சிரிக்கும் கண்கள்.

"பயந்துட்டீங்களா?"

"இல்ல. கோவத்துல இருக்கேன்."

"நல்லதாப் போச்சு. பயந்தவங்களைத் தூக்கறதுதான் கஷ்டம்."

கையை நீட்டினான் லிஃப்ட் மெக்கானிக். அவள் முதலில் தட்டைத்தான் கொடுத்தாள். அதைப் பார்த்து, "அய்யோ, இத்தனை பேரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாங்களே!" என்றான். அவளும் சிரித்துவிட்டாள். கோபம் போன இடம் தெரியவில்லை.

மறுபடி நின்றால் கூப்பிடச் சொல்லி நம்பர் கொடுத்தான். மறுவாரமே நின்றது. கூப்பிட்டாள். எடுக்கவில்லை. 'பீப் சத்தத்துக்குப் பிறகு பேசவும்' என்றது ஒரு குரல். நன்றாகத் திட்டி வைத்தாள். அவன் வந்ததும், "கேட்டீங்களா?" என்றாள்.

"எதை? ஓ... வாய்ஸ்மெயிலா! லிஃப்டுக்கு அடியில குழிக்குள்ள இறங்கிட்டா டவர் கிடைக்காதுங்க. கால் தானா அங்க போயிடும். அதைக் கேக்கணும்னா நிமிஷத்துக்கு இவ்வளவுன்னு செல்போன் கம்பெனிக்கு அழணும். யாரு கேப்பா? மிஸ்டு காலைப் பார்த்தாலே ஓடி வந்துடுவேன்."

ஓடித்தான் வந்தான். மாதம் ஒருமுறை பார்க்க வேண்டிய லிஃப்டை வாரம் இருமுறை பார்த்தான். கண்கள் பேசின. வாய் மட்டும் இருவருக்கும் திறக்கவில்லை.

இதற்குள் வீட்டில் அண்ணன் ஒரு வரன் கொண்டுவந்துவிட்டார். "வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு பதில் சொல்லிடும்மா."

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மெழுகில் கடைவாய்ப்பல் செதுக்க உட்கார்ந்தால் கோரைப்பல் வந்தது. புதன் மதியம் அவனை அழைத்தாள். பீப்...

"நீங்க இதைக் கேக்க மாட்டீங்க. அந்தத் தைரியத்துலதான் சொல்றேன்... உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்ப."

சொன்னதும் நெஞ்சு லேசானது. ஒரே ஒரு ராத்திரிக்கு. வியாழன் காலை கம்பெனியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது: 'இன்று முதல் வாய்ஸ்மெயில் கேட்கக் கட்டணம் இல்லை!'

மதியச் சாப்பாட்டை அப்படியே போட்டுவிட்டு செல்போன் கம்பெனி ஆபீசுக்கு ஓடினாள்.

"பேசி வச்சதை அழிக்க முடியுமா, மேடம்?"

கவுண்டர் பெண் உதட்டைப் பிதுக்கினாள். "பேசினது நீங்கன்னாலும் பெட்டி அவரோடது. ரகசிய நம்பரும் அவர்கிட்டதான். கேக்காமலே விட்டா ஏழு நாள்ல தானா அழிஞ்சிடும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்படி என்னதான் திட்டினீங்க?" என்றாள்.

திட்டியிருந்தால் தேவலையே!

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. நனைந்தபடியே வந்து மொட்டை மாடியில் இருந்த லிஃப்ட் மோட்டார் அறைக்கு ஏறினாள். அவன் இருந்தான்.

"வாய்ஸ்மெயில் கேட்டீங்களா?"

"இன்னும் இல்ல. உங்களோடது ஒண்ணு இருக்கு போல..."

"கேக்காதீங்க! அழிச்சிடுங்க. இப்பவே."

அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தான். ஏன் என்று கேட்கவில்லை. போனைக் காதில் வைக்காமல் கையை எட்ட நீட்டிப் பிடித்துக்கொண்டு எண்களை அழுத்தினான்.

"அழிச்சாச்சு. ஒரு வார்த்தை கேக்கல."

நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். நிம்மதி வரவேண்டும்... வரவில்லை. பிடுங்கிய பல்லின் இடத்தை நாக்கு துழாவுவதுபோல மனம் அங்கேயே போய்ப் போய் நின்றது. நினைத்திருந்தால் அவன் கேட்டிருக்கலாம். கேட்கவில்லையே! இப்படிப்பட்டவனிடமா ஒரு மெஷினை நடுவில் வைத்துக்கொண்டு பேசினேன்?

இரண்டாவது மாடியிலிருந்து திரும்பி ஓடினாள்.

"அதுல என்ன சொன்னேன்னா..." மூச்சு வாங்கியது. "உங்களைப் பிடிச்சிருக்குன்னு சொன்னேன். நாளைக்கு அண்ணனுக்குப் பதில் சொல்லணும். என் மனசுல ஒருத்தர் இருக்கார்னு சொல்லப்போறேன்... சொல்லட்டுமா?"

அவனுக்குக் காது மடல் வரை சிவந்துவிட்டது.

"ஒரு மாசமா இந்த லிஃப்ட்ல ஒரு கோளாறும் இல்லைங்க," என்றான் மெதுவாக. "உங்களைப் பார்க்கத்தான் வந்தேன்... அண்ணன் இன்னிக்கு வீட்டுக்கு எத்தனை மணிக்கு வருவார்?"

"ஆறுக்கு. ஏன்?"

"நீங்க தனியா நின்னு ஏன் சொல்லணும்? நானே வந்து கேக்கறேன்." கிரீஸ் அப்பிய கைகளைப் பார்த்துக்கொண்டான். "பத்து நிமிஷம் குடுங்க. இந்தக் கையோட எப்படி வர்றது?"

அவள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள்.